பழைய கிரைம் தொடர்களும் அவற்றின் ரீமேக்குகளும்: எங்கே தொடங்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

ஓடிடியில் புதிய கிரைம் தொடர்களுக்குப் பஞ்சமே இல்லை. பலவற்றை ஒரே ராத்திரியில் பார்த்து முடித்துவிடலாம். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் கொலை செய்தவர் பெயர்கூட ஞாபகம் வராது. ஆனால் 1970-களிலும் 80, 90-களிலும் எடுத்த சில தொடர்களை, கொலையாளி யார் என்று நன்றாகத் தெரிந்த பிறகும், இன்றுவரை திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் புதிதாக வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதில் தொடங்கலாம், அடுத்து எங்கே போகலாம், ரீமேக் என்று வருபவற்றில் எதற்கு நேரம் கொடுக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். எந்தத் தொடரின் முடிவையும் இங்கே உடைக்க மாட்டேன்.

என்னுடைய அளவுகோல் ஒன்றுதான். விடை தெரிந்த பிறகும் அந்தத் தொடரில் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது? ரீமேக்கையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன். மூலத்தைப் பார்த்தவருக்கு விடை ஏற்கனவே கையில் இருக்கிறது. அவருக்கும் புதிதாகக் காட்ட ஏதாவது இருந்தால்தான் இன்னொரு முறை அந்தக் கதையை எடுத்ததற்கு அர்த்தம்.

1. கொலம்போவில் தொடங்குங்கள்

வேறு எதிலும் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் எளிது: "கொலம்போ" கொலையாளியை மறைப்பதே இல்லை. முதல் கால் மணி, இருபது நிமிடத்தில் யார் கொன்றார், எப்படிக் கொன்றார், தடயத்தை எப்படி மறைத்தார் என்று எல்லாவற்றையும் நம் கண் முன்னாலேயே காட்டிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் கசங்கிய ரெயின்கோட்டும் அணைந்துபோன சுருட்டுமாக போலீஸ் லெப்டினன்ட் கொலம்போ உள்ளே வருகிறார். இவர் எப்படிக் கண்டுபிடிக்கப்போகிறார் என்பதுதான் மீதிக் கதை முழுவதும்.

ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரண்டு நண்பர்கள் உருவாக்கிய பாத்திரம் இது. 1960-லேயே ஒரு தொலைக்காட்சி நாடகத்திலும் பிறகு மேடையிலும் வேறு நடிகர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் கொலம்போவாக பீட்டர் ஃபாக் வந்தது 1968-இல். அமெரிக்கத் தொலைக்காட்சிகளான என்பிசியில் 1971 முதல் 1978 வரையும், பிறகு ஏபிசியில் 1989 முதல் 2003 வரையுமாக மொத்தம் 69 கதைகள். ஒவ்வொன்றும் தனிப்படம் போல 70 முதல் 100 நிமிடம் ஓடும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்ச்சி கிடையாது, அதனால் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இருந்தாலும் வழி கேட்டால் முதலில் 1971-இல் வந்த "மர்டர் பை தி புக்". இயக்கியவர் அப்போது 24 வயதே ஆன ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். தொடக்கத்தில் இசை கிடையாது. டைப்ரைட்டர் தட்டும் சத்தம் மட்டும்தான். ஒருவர் மேஜையில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறார், அவரைக் கொல்லப்போகிறவர் காரில் வந்துகொண்டிருக்கிறார். அடுத்து 1973-இன் "எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்". அதில் டொனால்ட் பிளெசன்ஸ் திராட்சை மதுவை உயிராக நினைக்கிற மனிதராக வருகிறார். கொலையாளிக்கும் போலீஸ்காரருக்கும் நடுவே மெல்ல மெல்ல ஒரு மரியாதை வளர்வதைப் பாருங்கள். மூன்றாவது 1977-இன் "டிரை அண்ட் கேட்ச் மீ". வயதான துப்பறியும் கதை எழுத்தாளராக ரூத் கார்டன். நம் மனம் யார் பக்கம் சாய்கிறது என்று நமக்கே சங்கடமாக இருக்கும்.

மூன்றையும் பார்த்த பிறகு, பிடித்த ஒன்றை இன்னொரு முறை போடுங்கள். இந்த முறை ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கொலம்போவுக்குச் சந்தேகம் எந்த நொடியில் வருகிறது? பெரும்பாலும் முதல் சந்திப்பிலேயே வந்திருக்கும். வீட்டுக்காரம்மாவைப் பற்றிய பேச்சு, பேனாவைத் தேடுவது, வாசல் வரை போய்த் திரும்பி "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பது எல்லாமே எதிராளியை அசரவைக்கச் செய்கிற வேலை என்று அப்போது தெரியும். கொலையாளிகள் பெரும்பாலும் பணமும் புகழும் படைத்தவர்கள். எதிரே நிற்கும் ஆளின் உடையைப் பார்த்தே அவரை எடைபோட்டுவிடுகிறார்கள். தோற்பதும் அதனால்தான்.

ஏபிசி காலத்துக் கதைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 70-களின் கூர்மை அவற்றில் குறைவு.

2. பார்ப்பதற்கு முன் சில ஏற்பாடுகள்

பழைய தொடர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்து டிவியின் 4:3 சட்டத்துக்கு (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) எடுக்கப்பட்டவை. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று ஜூம் பொத்தானை அழுத்தாதீர்கள். மேலும் கீழும் வெட்டுப்பட்டு, சில சமயம் தடயமே திரைக்கு வெளியே போய்விடும்.

ஆங்கிலத் தொடர்களாக இருந்தாலும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். யார்க்‌ஷயர் பேச்சும் ஸ்காட்லாந்து உச்சரிப்பும் பழகக் கொஞ்ச நாள் ஆகும். டேனிஷ், ஸ்வீடிஷ் தொடர்களுக்கு மூல ஒலியை வைத்துக்கொள்வதுதான் நல்லது. டப்பிங்கில் தயக்கமும் பெருமூச்சும் காணாமல் போகும். பாதி நடிப்பு அதில்தான் இருக்கிறது.

அப்புறம், பார்த்துக்கொண்டிருக்கும்போது பாத்திரத்தின் பெயரைத் தேடுபொறியில் போடவே போடாதீர்கள். இரண்டு எழுத்து அடிப்பதற்குள் அது முடிவைச் சொல்லிவிடும். நடிகர் பட்டியலையும் திறக்காதீர்கள். யார் எத்தனை எபிசோடில் வருகிறார் என்ற எண்ணிக்கையே யார் சாகப்போகிறார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

3. அடுத்தது ப்ரைம் சஸ்பெக்ட்

கொலம்போ ஒரு விளையாட்டு மாதிரி. அங்கிருந்து நேராக நிஜமான போலீஸ் ஸ்டேஷனுக்குள் போக வேண்டுமென்றால் 1991-இல் பிரிட்டனில் வந்த "ப்ரைம் சஸ்பெக்ட்" முதல் கதை. எழுதியவர் லிண்டா லா பிளான்ட். டிடெக்டிவ் சீஃப் இன்ஸ்பெக்டர் ஜேன் டெனிசனாக ஹெலன் மிர்ரன். ஒரு கொலை வழக்கை நடத்திக்கொண்டிருந்த ஆண் அதிகாரி மாரடைப்பில் இறந்துபோக, அந்த இடத்துக்கு இவர் வருகிறார். கீழே வேலை செய்கிற ஆண்கள் யாருக்கும் இவரைப் பிடிக்கவில்லை.

இதிலும் சந்தேக நபர் யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். அவனை மாட்டவைக்கச் சாட்சியம் வேண்டும் என்பது ஒரு போராட்டம். சொந்த அணி தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது இன்னொரு போராட்டம். இரண்டாம் முறை பார்க்கும்போது மிர்ரனை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நிற்கும் ஆண்களின் முகங்களைப் பாருங்கள். முதல் நாள் இருந்த முகமும் கடைசி நாள் இருக்கும் முகமும் ஒன்றல்ல. யார் எப்போது மாறினார், யார் மாறவே இல்லை என்பது வசனத்தில் வராது, பார்வையில் வரும்.

2006 வரை ஏழு பகுதிகள் வந்தன. எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். முதலாவதையும் கடைசியையும் கட்டாயம் பாருங்கள். 15 வருடத்தில் ஒரு வேலை ஒரு மனுஷியை என்ன செய்திருக்கிறது என்று தெரியும்.

2011-இல் அமெரிக்காவில் மரியா பெல்லோவை வைத்து இதே பெயரில் எடுத்தார்கள். களம் நியூயார்க். 13 எபிசோடோடு நின்றுபோனது. பெல்லோ மோசமாக நடிக்கவில்லை. ஆனால் 1991-இன் லண்டனில் ஒரு பெண் கொலை வழக்கை நடத்துவது என்பதே செய்தியாக இருந்தது. 20 வருடம் கழித்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெண் துப்பறிவாளர்கள் சாதாரணமாகிவிட்டார்கள். மூலத்தின் கோபத்துக்கான காரணத்தைப் புதிய இடத்தில் புதிதாகத் தேடியிருக்க வேண்டும். தேடாததால் பெயர் மட்டும்தான் மிஞ்சியது.

4. மோர்ஸ், அவசரம் இல்லாத நாட்களுக்கு

"இன்ஸ்பெக்டர் மோர்ஸ்" 1987 முதல் 2000 வரை வந்த 33 நீண்ட கதைகள். ஆக்ஸ்போர்ட் நகரம், சிவப்பு ஜாகுவார், ஓபரா இசை, மோர்ஸாக நடித்த ஜான் தாவின் சிடுசிடுப்பு. வேகம் குறைவுதான், அதற்காகத் தள்ளிவிட வேண்டாம். இதை ரீமேக் செய்யாமலேயே குடும்பம் போல வளர்த்தார்கள்: உதவியாளரை வைத்து "லூயிஸ்", மோர்ஸின் இளமைக் காலத்தை வைத்து "என்டவர்". 2012-இல் தொடங்கி 2023-இல் முடிந்த என்டவர், பலருக்கு மூலத்தைவிடப் பிடிக்கிறது, நியாயமாகவே. அதில் பத்திரிகை ஆசிரியராக வரும் அபிகெய்ல் தா, ஜான் தாவின் மகள். பழைய மோர்ஸில் ஒரு ஐந்து கதையாவது பார்த்துவிட்டு என்டவருக்குப் போங்கள். இந்தப் பையன் பிற்காலத்தில் யாராக ஆகப்போகிறான் என்று தெரிந்து பார்ப்பதில்தான் அதன் வலி இருக்கிறது.

5. இனி ரீமேக்: மூலம் முதலில், இடைவெளி விட்டுப் பிறகு மற்றது

பொது விதி இதுதான். மூலத்தைப் பாருங்கள், கொஞ்ச மாதம் கழியட்டும், பிறகு ரீமேக். அடுத்தடுத்து பார்த்தால் எந்த வசனம் மாறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருப்போம், கதைக்குள் போக மாட்டோம்.

ரீமேக் எங்கே தவறுகிறது என்று பார்க்க "பிராட்சர்ச்" நல்ல உதாரணம். 2013, பிரிட்டன், 8 எபிசோடுகள். கடலோரச் சிற்றூரில் 11 வயதுப் பையன் இறந்துகிடக்கிறான். விசாரிக்கும் இருவர் டேவிட் டெனன்டும் ஒலிவியா கோல்மனும். முதல் எபிசோடில் பையனின் அப்பா காலையில் கடைத்தெருவில் நடந்து போவார். எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வார். கேமரா வெட்டாமல் கூடவே போகும். முதல் முறை பார்க்கும்போது அது சாதாரணக் காலைப் பொழுது. முடிவு தெரிந்து பார்த்தால் அந்த ஒரு நடையிலேயே ஊர் முழுக்க வரிசையாக நிற்பது தெரியும். இந்தத் தொடரை இரண்டாம் முறை பார்ப்பது முதல் முறையைவிடக் கனமான அனுபவம்.

அடுத்த வருடமே அமெரிக்காவில் "கிரேஸ்பாயின்ட்" என்று எடுத்தார்கள். டெனன்டையே மறுபடியும் போட்டு, அவருடைய ஸ்காட்லாந்து உச்சரிப்பை மட்டும் எடுத்துவிட்டு அமெரிக்க உச்சரிப்பைக் கொடுத்தார்கள். காட்சிக்குக் காட்சி அதே மாதிரி தொடங்கி, 10 எபிசோடாக நீட்டி, ஒரே சீசனோடு முடிந்தது. நல்ல நடிகர்கள், அழகான கடற்கரை, எல்லாம் உண்டு. ஆனால் அந்த ஊர் எந்த ஊர் என்று நமக்குத் தெரிவதே இல்லை. இதை நீங்கள் தாண்டிவிடலாம்.

இதோடு ஒப்பிட "தி பிரிட்ஜ்". டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலத்தின் சரி நடுவில், எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு உடல். இரண்டு நாட்டுப் போலீசும் சேர்ந்து விசாரிக்க வேண்டும். 2011-இல் வந்த இந்தக் கதையை எந்த எல்லைக்கும் தூக்கிக்கொண்டு போகலாம், போனார்கள். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கடலடிச் சுரங்கத்தில் வைத்து "தி டனல்" எடுத்தார்கள். அமெரிக்கப் பதிப்பு எல் பாசோவுக்கும் மெக்சிகோவின் ஹுவாரெஸுக்கும் நடுவே நடக்கிறது. சிங்கப்பூர், மலேசியா எல்லையிலும் ஒன்று வந்தது. அமெரிக்கப் பதிப்பை நான் மதிக்கிறேன். ஹுவாரெஸில் பல வருடங்களாகப் பெண்கள் காணாமல் போனதும் கொல்லப்பட்டதும் நிஜம். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு உடலுக்குக் கிடைக்கும் கவனம் அந்தப் பக்கம் ஏன் கிடைக்கவில்லை என்று அந்தத் தொடர் கேட்டது. டென்மார்க், ஸ்வீடன் எல்லையில் அந்தக் கேள்வி எழவே வழியில்லை. தொடர் நடுவில் தடுமாறுகிறது, உண்மைதான். ஆனாலும் ஸ்வீடன் போலீஸ் அதிகாரி சாகா நோரேனாக சோஃபியா ஹெலின் நடித்த மூலத்தைப் பார்த்த பிறகும் இதற்கு ஒரு தனி இடம் இருக்கிறது.

"தி கில்லிங்" இரண்டுக்கும் நடுவில். 2007-இன் டேனிஷ் மூலத்தில் முதல் வழக்குக்கு 20 எபிசோடுகள், எபிசோடுக்கு விசாரணையின் ஒரு நாள். கொலையான பெண்ணின் வீட்டுச் சமையலறையில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்கும் காட்சிகளைத் துப்பறியும் தொடர்களில் அதுவரை இவ்வளவு பொறுமையாக யாரும் காட்டியதில்லை என்பேன். அமெரிக்கப் பதிப்பு 2011-இல் சியாட்டில் மழையில் நடக்கிறது. முதல் சீசன் முடிவில் கொலையாளியைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். பார்த்தவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்போது பார்க்கிறவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முதல் இரண்டு சீசனையும் ஒரே கதையாக எடுத்துக்கொள்ளுங்கள். விசாரிக்கும் லிண்டன், ஹோல்டர் என்ற அந்த ஜோடி ரீமேக்கின் சொந்தச் சம்பாத்தியம்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஆறு மணி நேரத் தொடர் இரண்டு மணி நேரப் படமானால் சந்தேகத்தோடு அணுகுங்கள். 1985-இன் "எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்" அணு ஆலை, அரசு ரகசியம், மகளை இழந்த போலீஸ்காரர் என்று அந்தக் காலத்துப் பயத்தையெல்லாம் உள்ளே வைத்திருந்தது. அதை இயக்கிய மார்ட்டின் கேம்பலே 2010-இல் அதைப் படமாகவும் எடுத்தார். துப்பாக்கியும் பழிவாங்கலும் தங்கின, துக்கத்துக்கு நேரமில்லாமல் போனது.

6. ஒரே கதை, நான்கு நாடுகள்

ரீமேக் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் "கிரிமினல் ஜஸ்டிஸ்". 2008-இல் பிபிசியில் ஐந்து இரவுகள் தொடர்ந்து வந்தது. எழுதிய பீட்டர் மோஃபட் முன்பு வக்கீலாக இருந்தவர். கதை இதுதான்: ஒரு இளைஞன் அப்பாவின் டாக்சியை எடுத்துக்கொண்டு ராத்திரி கிளம்புகிறான். தெரியாத பெண் ஒருத்தி ஏறுகிறாள். விடிவதற்குள் அவள் குத்துப்பட்டு இறந்துகிடக்கிறாள், இவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அந்த இளைஞன் பென் விஷா.

2016-இல் இது அமெரிக்காவின் எச்பிஓ சேனலில் "தி நைட் ஆஃப்" ஆனது. இளைஞன் இப்போது நியூயார்க் குயின்ஸில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பையன் நாஸ், நடித்தவர் ரிஸ் அஹ்மத். 2019-இல் ஹாட்ஸ்டாருக்காக இந்தியில், மும்பையில், விக்ராந்த் மாஸ்ஸி. 2021-இல் கொரியாவில் "ஒன் ஆர்டினரி டே", கிம் சூ ஹியூன்.

எல்லாவற்றிலும் டாக்சி உண்டு. தோல் நோயால் சொறிந்துகொண்டே இருக்கும், யாரும் மதிக்காத ஒரு வக்கீலும் உண்டு. ஆனால் அந்தப் பையன் விழும் பள்ளம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு. பிரிட்டனில் வக்கீல் அவனிடம் சொல்வது, நடந்ததை என்னிடம் சொல்லாதே என்று. உண்மை வெளியே வந்துவிட்டால் அதை வைத்து வாதாட முடியாதே! அமெரிக்காவில் அவனுடைய மதம் முதல் நாளே செய்தியாகிவிடுகிறது. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் விசாரணைக்காகக் காத்திருக்கும்போதே அவன் வேறு ஆளாகிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்ற பேரம் நடக்கிறது. கடைசியில் தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் உட்கார்ந்திருக்கும் 12 சாதாரண மனிதர்களின் மனதை வக்கீல் பிடித்தாக வேண்டும்.

இந்தியப் பதிப்பில் ஜூரி கிடையாது. கடற்படை அதிகாரி நானாவதி மீதான 1959-இன் கொலை வழக்குக்குப் பிறகு படிப்படியாக விடைபெற்ற முறை அது, 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போனது. அதனால் நம் கோர்ட்டில் வாதம் ஒரே நீதிபதியைப் பார்த்துத்தான். கூட்டத்தின் தீர்ப்பு என்பது இங்கே கோர்ட்டுக்கு வெளியே, டிவி கேமராக்களுக்கு முன்னால் நடக்கிறது. அந்த இடத்தில்தான் பங்கஜ் திரிபாதியின் மாதவ் மிஸ்ரா வருகிறார். ஸ்டேஷன் வாசலில் கட்சிக்காரரைத் தேடிக் காத்திருக்கும் வக்கீல். இவரை நாம் எல்லாருமே ஏதோ ஒரு கோர்ட் வளாகத்தில் பார்த்திருப்போம். பிபிசியில் இரண்டாம் பகுதிக்கு வேறு கதை, வேறு வக்கீல் என்று போய்விட்டார்கள். இங்கேயோ மாதவ் மிஸ்ராவே தொடரின் ஆதாரமாகி 2020, 2022, 2025 என்று வளர்ந்துகொண்டே போனார். மூன்றாம் பகுதியிலிருந்து கதையும் நம்முடையதே. ரீமேக்காகப் பிறந்தது சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொண்டது.

இதற்கு நேர்மாறாக, பிரிட்டனின் "லூதர்" 2022-இல் இந்தியில் "ருத்ரா"வாக வந்தபோது கட்டடமும் பெயரும்தான் மும்பைக்கு மாறின. அஜய் தேவ்கனுக்காக வேண்டுமானால் பார்க்கலாம்.

நான்கையும் முழுக்கப் பார்க்க நேரம் இல்லையென்றால், நான்கின் முதல் எபிசோடை மட்டும் நான்கு இரவுகளில் பாருங்கள். கைதாகும் அந்த இரவில் போலீஸ் அவனிடம் எப்படிப் பேசுகிறது, அவன் வீட்டுக்கு எப்போது தகவல் போகிறது, வக்கீல் எந்த நேரத்தில் உள்ளே வருகிறார் என்று கவனித்தால் போதும். பிறகு பிபிசியையும் இந்தியையும் முழுதாக முடித்துவிட்டு நைட் ஆஃபுக்குப் போங்கள். மூன்றில் அதுதான் மெதுவானது, கொஞ்சம் பழகியவர்களுக்கே அதன் நிதானம் பிடிபடும்.

7. கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டியவை

கொலம்போவின் பெயரை எடுத்துக்கொள்ளாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஒரு நல்ல வாரிசு இருக்கிறது: 2023-இல் ரையன் ஜான்சன் உருவாக்கிய "போக்கர் ஃபேஸ்". பொய்யை உடனே கண்டுபிடித்துவிடும் பெண்ணாக நடாஷா லியோன். முதலில் கொலை, பிறகு இவர் வருகை, தலைப்பு எழுத்துகள்கூடக் கொலம்போ பாணி. ஒரு பத்துக் கொலம்போவாவது பார்த்த பிறகு இதைப் போட்டால், பழைய வித்தையில் எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்று காட்சிக்குக் காட்சி சந்தோஷமாக இருக்கும்.

"தி வயர்" பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். 2002 முதல் 2008 வரை ஐந்து சீசன், 60 எபிசோடுகள், பால்டிமோர் நகரத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தொடர். அதன் பெருமை அத்தனையும் உண்மை. ஆனால் அதில் தொடங்கினால் பலரும் மூன்றாவது எபிசோடில் விட்டுவிடுகிறார்கள். ப்ரைம் சஸ்பெக்டும் டேனிஷ் கில்லிங்கும் முடித்த கையோடு எடுங்கள், அப்போது பொறுமை தானாக வந்திருக்கும். இதற்கு இரண்டு வடிவம் உண்டு: முதலில் ஒளிபரப்பான 4:3, பிறகு 2014-இல் அகலத் திரைக்கு மாற்றியது. ஓடிடியில் பெரும்பாலும் அகலமானதுதான் கிடைக்கும், அதிலேயே பார்க்கலாம். பழைய டிவிடி கையில் கிடைத்தால் 4:3-ஐ எடுங்கள்.